கிகா காஸ்டிங்கில் பிஎச்.டி.: 6,000 டன் பிரஸ் இல்லாத ஊரிலிருந்து செய்ய முடியுமா?

கோவை_மெக் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன். பகுதி நேர பிஎச்.டி.க்குப் பதிந்து கோர்ஸ் வொர்க் முடிந்துவிட்டது, தலைப்புதான் இன்னும் முடிவாகவில்லை. ஆட்டோமொபைல் உற்பத்தியில் இப்போது டிரெண்டில் இருப்பதாக எடு என்கிறார் கைடு. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எங்கள் துறையில் இதற்கு முன் முடித்தவர்களில் பாதிப் பேர் புங்க எண்ணெய் பயோடீசல், மீதிப் பேர் அலுமினியத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கலக்கும் ஸ்டிர் காஸ்டிங். அதில் இன்னொன்று சேர்க்க எனக்கும் மனமில்லை.

பேட்டரி தெர்மல் மேனேஜ்மென்ட், ஹைட்ரஜன் என்ஜின், டிஜிட்டல் ட்வின், கிகா காஸ்டிங் என்று நாலு வைத்திருந்தேன். முதல் மூன்றிலும் பக்கத்து அறையிலேயே ஆள் இருக்கிறது. கிகா காஸ்டிங் (ராட்சச மெஷினில் காரின் பெரிய பாகத்தை ஒரே அலுமினிய வார்ப்பாக எடுப்பது) பற்றிப் படிக்கப் படிக்க ஆர்வம் கூடுகிறது. டெஸ்லா மாடல் ஒய் காரில் பின்பக்க அடிப்பாகத்தில் 70 துண்டுகள் இருந்த இடத்தில் ஒரே வார்ப்பு, வோல்வோ ஸ்வீடனில் டோர்ஸ்லாண்டா ஆலைக்கு 8,400 டன் மெஷின் வாங்கியது, 2023இல் டொயோட்டாவும் 86 பாகங்களை ஒன்றாக்கிக் காட்டியது என்று பெரிய பெரிய சங்கதியாக இருக்கிறது.

என் கையில் இருப்பது: ஒரு யுடிஎம் (சாம்பிளை இழுத்து வலிமை பார்க்கும் மெஷின்), பக்கத்துக் கல்லூரியில் காசு கட்டினால் கிடைக்கும் எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி), பம்ப் பாகம் வார்க்கும் ஒரு கிராவிட்டி ஃபவுண்டரியில் (அழுத்தம் இல்லாமல் ஊற்றி வார்ப்பது) பழக்கம், உறவினர் வழியாக ஒரு 250 டன் பிரஷர் டை காஸ்டிங் யூனிட்டில் (உருகிய உலோகத்தை டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தித் தள்ளுவது) கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு. காஸ்டிங் சிமுலேஷன் சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லை, திரவ ஓட்டக் கணக்குக்கான ஃப்ளூயன்ட் மட்டும் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு கிகா காஸ்டிங் என்று தலைப்பு வைத்தால் வைவாவில் கிழித்துவிடுவார்களா? வெறும் சிமுலேஷனோடு ஒப்பேற்றலாமா? இன்னொன்று, முழு அடிப்பாகத்தையும் ஒரே துண்டாக வார்க்கும் திட்டத்திலிருந்து டெஸ்லா பின்வாங்கியதாக 2024இல் செய்தி வந்தது. நான் முடிப்பதற்குள் இந்த டிரெண்டே செத்துவிடுமோ என்றும் பயம்.

ஓசூர்_டைகாஸ்டர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த டன் கணக்கைப் பார்த்து மிரளாதீர்கள். அது என்ன கணக்கு என்று தெரிந்தால் உங்கள் 250 டன்னில் எது முடியும், எது முடியாது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

உலோகம் டைக்குள் நிரம்பிய பிறகு கடைசி அழுத்தம் ஒன்று கொடுப்போம், இன்டென்சிஃபிகேஷன். அது 600 பார் என்று வையுங்கள். டை பிரியும் திசையில் பார்த்தால் வார்ப்பின் நிழல் ஒரு சதுர மீட்டர் விழுகிறது என்றால், உலோகம் டையைப் பிளக்கத் தள்ளும் விசை 60 மெகாநியூட்டன், அதாவது 6,100 டன் சொச்சம். டை திறந்துகொள்ளாமல் பிடித்து வைக்கத்தான் அந்த ராட்சச மெஷின். இதே கணக்கில் 250 டன்னுக்கு எவ்வளவு வரும்? சுமார் 400 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குள்தான் பிஸ்கட், ரன்னர், ஓவர்ஃப்ளோ என்று வார்ப்போடு சேர்ந்து உறையும் மிச்ச உலோகம் எல்லாம் அடங்க வேண்டும். ஆக டெஸ்ட் பார் (இழுத்துப் பார்க்கும் சாம்பிள் கம்பி), சின்ன பிளேட் எல்லாம் தாராளமாக எடுக்கலாம்.

எது வராது என்றால் தூரம். பெரிய வார்ப்பில் உலோகம் நுழையும் வாயான கேட்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உலோகம் ஓட வேண்டும், அதுவும் நூறு மில்லிசெகண்டை ஒட்டி நிரம்பி முடிய வேண்டும். போகிற வழியெல்லாம் சூடு இறங்கும், காற்றை வாரிக்கொண்டு போகும், கடைசி மூலையில் இரண்டு ஓட்டங்கள் சேர்கிற இடத்தில் கோல்டு ஷட், அதாவது சரியாக ஒட்டாத மடிப்பு. கேட் பக்கத்தில் வெட்டிய சாம்பிளும் கடைசி மூலையில் வெட்டிய சாம்பிளும் ஒரே வார்ப்புதானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நீட்சி (உடைவதற்கு முன் எவ்வளவு இழுபடும் என்பது) மாறும். அந்தச் சிக்கலைச் சின்ன மெஷினில் ஓரளவுக்குத்தான் கொண்டுவரலாம், 2 மி.மீ. தடிப்பில் வளைந்து வளைந்து போகும் வாய்க்கால் மாதிரி கேவிட்டி வெட்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, எங்கே உறைகிறது என்று பார்க்கலாம்.

இப்போது நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் கல்லூரி ஆட்கள் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நம்மூர் யூனிட்டில் உருகலைச் சூடாக வைத்திருக்கும் ஹோல்டிங் ஃபர்னஸில் இருப்பது பெரும்பாலும் ஏடிசி12 என்ற சாதாரண டை காஸ்டிங் அலாய். அதில் இரும்பு 1.3 சதவீதம் வரை அனுமதி, காப்பர் வேறு 1.5இலிருந்து 3.5 வரை. அந்த ஃபர்னஸை வழித்துவிட்டு உங்கள் அலாயைப் போட்டால் போன வாரத்து ஏடிசி12தான் உங்கள் ஆய்வு முடிவில் வந்து நிற்கும். தனி குரூசிபிள் வையுங்கள், கையால் மொண்டு ஊற்றுங்கள், கரண்டிக்கும் ஸ்கிம்மருக்கும் கோட்டிங் அடியுங்கள். இரும்புக் கரண்டியை அப்படியே விட்டால் அதுவும் உருகலில் கரையும். புது டை செய்யவும் காசைக் கொட்ட வேண்டாம், யூனிட்டில் சும்மா கிடக்கும் பழைய மோல்டு பேஸ் இருந்தால் எச்13 ஸ்டீலில் உள்ளே பொருத்தும் இன்செர்ட் மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

டைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் இருக்கிறதா, உலோகத்தைத் தள்ளும் பிளஞ்சரின் வேகத்தையும் அழுத்தத்தையும் காட்டும் ஷாட் கர்வ் பதிவாகிறதா என்று கேளுங்கள். ஷாட் கர்வ் இல்லாத மெஷினில் ஆராய்ச்சி செய்வது வீண். ஸ்லோ ஷாட் எங்கே முடிந்தது, ஃபாஸ்ட் ஷாட் எந்த வேகம் என்று எழுத முடியாவிட்டால் பேப்பரில் எதை எழுதுவீர்கள்?

பாடிஷாப்_பாண்டி எழுதியது:

எல்லாரும் வார்ப்புக்காரர்களாகவே பேசினால் எப்படி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாடி வெல்டிங் லைனில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

முதலில் இது புதுசு இல்லை. 1994இல் வந்த ஆடி ஏ8 அலுமினிய உடம்பிலேயே வேக்குவம் டை காஸ்டிங் செய்த இணைப்பு முனைகள் இருந்தன. ஷாக் டவரை (ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் பாகம்) அலுமினியத்தில் வார்ப்பது ஐரோப்பிய விலை உயர்ந்த கார்களில் வெகுநாள் பழக்கம். டெஸ்லா செய்தது அளவைப் பெரிதாக்கியது. அதுவும் புது ஆலை, புது மாடல், கையில் பழைய வெல்டிங் லைன் பாரம் இல்லை, ஒரே மாடலை லட்சக்கணக்கில் தள்ளும் தைரியம். நம்மூர் ஆலைகளில் ஒரே லைனில் நாலைந்து மாடல் ஓடும், ஸ்பாட் வெல்டிங் ரோபோக்களுக்குப் போட்ட காசு எப்போதோ வந்துவிட்டது. அங்கே போய் லைனைப் பிடுங்கிவிட்டு பிரஸ் வையுங்கள் என்றால் யார் கேட்பார்கள்?

டை ஆயுளையும் சேர்த்துப் பாருங்கள். அலுமினிய டை காஸ்டிங்கில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் டையின் மேல்தோல் சூடாகிக் குளிர்ந்து வெடிப்பு விடும், லட்சம் ஷாட்டை ஒட்டி அதன் கதை முடியும். ஷீட் மெட்டல் டை பல லட்சம் அடி தாங்கும். மாடல் மாறாத வரை, எண்ணிக்கை ஓரளவு இருக்கிற வரை வார்ப்பு ஜெயிக்கும், எண்ணிக்கை ஏறினால் டை மாற்றும் செலவு தலைதூக்கும். இந்தக் கணக்கை இந்திய மாடல் கலவைக்கு ஒழுங்காகப் போட்டாலே அதுவும் ஒரு ஆராய்ச்சிதான், ஆனால் மெக்கானிக்கல் துறையில் அதற்கு மதிப்பு கொடுப்பார்களா தெரியாது.

எஃகுக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 22எம்என்பி5 போரான் எஃகை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, டைக்குள்ளேயே அழுத்திக் குளிர வைத்தால் 1,500 மெகாபாஸ்கல் வலிமை. பல தடிப்புத் தகடுகளை லேசரில் ஒட்டிவிட்டு ஒரே அடியில் முழு கதவு வளையத்தையும் அடிக்கிறார்கள், 2014 மாடல் அக்யூரா எம்டிஎக்ஸ் காரிலேயே அது வந்துவிட்டது. பாகங்களைக் குறைப்பதுதான் குறிக்கோள் என்றால் அதற்கு வார்ப்பு மட்டும் வழி இல்லை.

எனக்குக் கேட்டால், வார்ப்பு போய் எஃகைத் தொடும் இடத்தைப் பிடியுங்கள். பின்பக்கம் அலுமினிய வார்ப்பு, நடுவில் எஃகு. ஸ்பாட் வெல்டு வைக்க முடியாது, துளை போடாமல் தானே குத்தி இறங்கும் செல்ஃப் பியர்சிங் ரிவெட்டும் பசையும்தான். நீட்சி குறைந்த வார்ப்பில் ரிவெட் அடித்தால் அடிப்பக்கம் பொத்தான் மாதிரி உப்புகிற இடத்தில் விரிசல் விடும். அப்புறம் எல்லாம் சேர்ந்து பெயின்ட் அவனுக்குள் (பெயின்டை உலர்த்தும் சூளை) போகிறது, 180 டிகிரி. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 1.7 மி.மீ. வித்தியாசம். அந்த நேரத்தில்தான் பசையும் இறுகுகிறது. குளிர்ந்த பிறகு உள்ளே எவ்வளவு இழுவிசை தங்கிவிட்டது? இதற்கு 6,000 டன் பிரஸ் தேவையில்லை, ரிவெட் கன்னும் ஒரு அவனும் போதும்.

எட்டாம்வகுப்பு_இன்ஜினியர் எழுதியது:

எதை எடுத்தாலும் எடுங்கள் சார், எல்9 டாகுச்சி அட்டவணை (ஒன்பதே சோதனையில் முடிக்கும் திட்டம்) மட்டும் போடாதீர்கள். ஒன்பது ஷாட் எடுத்து, எஸ்/என் (சிக்னல்-நாய்ஸ்) ரேஷியோ போட்டு, "ஆப்டிமம் பாராமீட்டர்" என்று ஒரு எண்ணைத் தூக்கி வைக்கும் பேப்பரைப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது.

இரும்பு_ஊசி எழுதியது:

வெளிநாட்டில் ஒரு அலாய் ஆய்வுக்கூடத்தில் இதே வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஓசூர் அண்ணா சொன்ன கரண்டி விஷயத்தை அச்சடித்து லேபில் ஒட்டி வைக்கலாம்.

கோவை_மெக், டிரெண்ட் சாகுமா என்ற கேள்வியை விடுங்கள். பிரஸ் 6,000 டன்னோ 9,000 டன்னோ, அதற்குள் போகிற உலோகத்தின் பிரச்சினை அப்படியே இருக்கும். மோதலில் நொறுங்காமல் மடங்க வேண்டிய பாகத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டி நீட்சி கேட்பார்கள். ஏடிசி12 ஒன்றிலிருந்து மூன்று சதவீதத்திலேயே படுத்துவிடும். அதனால்தான் சிலாஃபான்ட்-36 மாதிரி அலாய்களில் இரும்பை 0.15 சதவீதத்துக்குக் கீழே அடக்கி வைக்கிறார்கள். திட அலுமினியத்தில் இரும்பு அதிகபட்சம் 0.05 சதவீதம்தான் கரையும், மிச்சமெல்லாம் சிலிக்கானோடு சேர்ந்து ஊசி ஊசியாக வந்து நிற்கும். எஸ்இஎம்மில் ஊசி, நிஜத்தில் தகடு. விரிசல் அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

ஆனால் டை காஸ்டிங்கில் இரும்பு சும்மா சேர்ந்துவிட்ட அழுக்கும் இல்லை. அது இல்லாவிட்டால் உருகிய அலுமினியம் டை ஸ்டீலிலேயே ஒட்டிக்கொள்ளும், சோல்டரிங். அந்த வேலையை மாங்கனீஸிடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவே ஊசியையும் கட்டி கட்டியாக மாற்றிவிடும். இதுவரை பாடப்புத்தகம். இப்போது சண்டை எங்கே என்றால், இரும்பு 0.15க்குக் கீழே வேண்டும் என்றால் புது அலுமினியம் வேண்டும். ஸ்கிராப்பை உருக்கினால் புது அலுமினியத்துக்கு ஆகும் மின்சக்தியில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் ஆகும், ஆனால் ஸ்கிராப் என்றால் போல்ட்டும் ரிவெட்டும் கலந்து இரும்பு ஏறிக்கொண்டே போகும். கார்பன் கணக்குக் கேட்கிற காலத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றே: எவ்வளவு இரும்பு வரை தாங்கலாம்? 0.3? 0.5? மாங்கனீஸை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் எல்லை உண்டு, இரும்பு, இரண்டு மடங்கு மாங்கனீஸ், மூன்று மடங்கு குரோமியம் மூன்றையும் கூட்டி ஸ்லட்ஜ் ஃபேக்டர் என்று ஒன்று போடுவார்கள். இரும்பு 0.5, மாங்கனீஸ் 0.5, குரோமியம் 0.05 என்றாலே 1.65. ஹோல்டிங் சூட்டைக் குறைத்தால் ஃபர்னஸின் அடியில் கசடாகப் படியத் தொடங்கும்.

இதைப் பார்த்துவிட்டு உடனே அந்தப் பம்ப் ஃபவுண்டரிக்கு ஓடாதீர்கள். கிராவிட்டியில் நொடிக்குச் சில டிகிரி குளிரும், டை காஸ்டிங்கின் மெல்லிய சுவரில் நூற்றுக்கணக்கில். வேகமாகக் குளிர்ந்தால் ஊசி வளர நேரமே கிடைக்காது, அதே 0.4 சதவீத இரும்பு கிராவிட்டியில் செய்கிற கெடுதலை அங்கே செய்யாது. கிராவிட்டி சாம்பிளை இழுத்துவிட்டு "கிகா காஸ்டிங்குக்கு" என்று தலைப்பு வைத்த பேப்பர்கள் ரிவ்யூவுக்கு வருகின்றன, முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். வைவாவில் கிழிப்பார்களா என்று கேட்டீர்களே, கிழிக்க வேண்டிய இடம் இதுதான்.

250 டன் மெஷின் கிடைத்தால் அதில் இன்னொரு புதையலும் இருக்கிறது. உலோகத்தை ஷாட் ஸ்லீவில் (பிளஞ்சர் ஓடும் குழாய்) ஊற்றியதும் ஸ்லீவ் சுவரில் பட்டுக் கொஞ்சம் உறைகிறது, பிளஞ்சர் தள்ளும்போது அந்தப் படிகங்கள் உடைந்து உள்ளே போய்விடுகின்றன. வெளியே உறைந்த படிகங்கள் என்று அவற்றைத் தனியாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒரே அலாய், ஒரே மெஷின், பத்து பார் இழுத்தால் நீட்சி ஒன்றுக்கு ஒன்று எங்கேயோ போவதற்கு இதுவும், உள்ளே சிக்கிய காற்றும் பெரிய காரணம். ஊற்றியதற்கும் தள்ளியதற்கும் இடையே எத்தனை நொடி, ஸ்லீவ் எவ்வளவு நிரம்பியிருந்தது, இந்த இரண்டையும் மாற்றிப் பார்க்கச் சின்ன மெஷினே வசதி. பெரிய மெஷினை இதற்காக யாரும் உங்களுக்கு நிறுத்தித் தர மாட்டார்கள்.

பாண்டி அண்ணா சொன்ன பெயின்ட் அவனை நானும் பிடித்துக்கொள்கிறேன். இவ்வளவு பெரிய வார்ப்பை 500 டிகிரியில் வைத்துத் தண்ணீரில் முக்க முடியாது, கோணிவிடும், உள்ளே சிக்கிய வாயு விரிந்து கொப்புளம் கிளம்பும். அதனால் ஹீட் ட்ரீட்மென்ட் வேண்டாத அலாய் என்று விற்கிறார்கள். ஆனால் பெயின்ட் அவன் யாரையும் கேட்காமல் 180 டிகிரியில் அரை மணி ஒரு ட்ரீட்மென்ட் கொடுத்துவிடுகிறது. அலாயில் மெக்னீசியம் கொஞ்சம் இருந்தால் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் வலிமை) ஏறும், நீட்சி இறங்கும். வார்த்த நிலையில் 11 சதவீதம் காட்டிய பார் அவனுக்குப் பிறகு என்ன காட்டுகிறது என்பதைத்தான் கார்க்காரன் கேட்பான். உங்களிடம் யுடிஎம் இருக்கிறது, சின்னச் சூளை ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை.

ஃப்ளூயன்ட் மட்டும் வைத்துக்கொண்டு நிரம்புவதை சிமுலேட் செய்து தனி ஆய்வாகக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷாட் கர்வோடு ஒப்பிட ஒரு துணையாக இருக்கட்டும்.

கோவை_மெக் எழுதியது:

மேடம், அண்ணன்மார்கள், ரொம்ப நன்றி. கைடிடம் இன்று பேசினேன். "கிகா காஸ்டிங்" என்ற சொல் தலைப்பில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார், ஸ்காலர்ஷிப் கமிட்டி அதைத்தான் பார்க்குமாம். உள்ளே இப்படிப் போகலாம் என்று நினைக்கிறேன்: அலுமினியம்-சிலிக்கான்-மாங்கனீஸ் அலாய், கொஞ்சம் மெக்னீசியம், இரும்பு 0.15, 0.3, 0.5 என்று மூன்று நிலை, ஸ்லீவில் காத்திருக்கும் நேரம் இரண்டு நிலை, பெயின்ட் அவனுக்கு முன், பின். ரிவெட் அடித்துப் பார்ப்பதையும் சேர்க்கலாமா? எக்ஸ்ரே சிடி (உள்ளே இருக்கும் ஓட்டைகளை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன்) எங்கே கிடைக்கும்?

இரும்பு_ஊசி எழுதியது:

ரிவெட்டைக் கடைசி அத்தியாயத்துக்கு வையுங்கள், முதலில் சேர்த்தால் எதுவும் முடியாது. உங்கள் கணக்கில் ஏற்கெனவே 12 நிலை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்று பார் இழுத்துச் சராசரி போடுவது டை காஸ்டிங்கில் செல்லாது. குறைந்தது இருபது பாராவது இழுத்து, சிதறலையே முடிவாகக் காட்டுங்கள், வைபுல் (சிதறலை அளக்கும் புள்ளியியல் முறை) போடுங்கள். சராசரி நீட்சியைவிட மோசமான பார் எவ்வளவு காட்டியது என்பதுதான் வடிவமைப்பவருக்குத் தேவை. உடைந்த முகம் ஒவ்வொன்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், மோசமாக உடைந்ததை மட்டும் எஸ்இஎம்முக்கு அனுப்பினால் செலவு பாதியாகும்.

வார்த்த தேதியை ஒவ்வொரு பாரிலும் குறியுங்கள். மெக்னீசியம் இருக்கும் அலாய் அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல வலுவேறும், முதல் வாரத்தில் இழுத்ததையும் மூன்று மாதம் கழித்து இழுத்ததையும் ஒரே அட்டவணையில் போட்டுவிட்டால் இரும்பு செய்ததா நாள் செய்ததா என்று பிரிக்க முடியாது.

சிடிக்கு ஐஐடி மாதிரி பெரிய நிறுவனங்களில் வெளியாட்களுக்கு மணிக் கணக்கில் கட்டணம் வாங்கிச் செய்து தருவார்கள், எழுதிக் கேளுங்கள். எல்லாப் பாரையும் எடுக்க வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேயில் வடிகட்டிவிட்டு, அடர்த்தியை ஆர்க்கிமிடீஸ் முறையில் பார்த்துவிட்டு, சந்தேகமானதை மட்டும் அனுப்புங்கள்.

தலைப்பில் அந்தச் சொல் வேண்டும் என்றால் இருக்கட்டும், "கிகா காஸ்டிங்குக்கான மறுசுழற்சி அலாய்களில்" என்று தொடங்கினால் பொய்யும் இல்லை, கைடுக்கும் கோபம் வராது. சுவர்த் தடிப்பை மட்டும் நிஜ வார்ப்பைப் போல 2.5இலிருந்து 4 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_டைகாஸ்டர் எழுதியது:

மேடம் சொன்ன இருபது பாரை நம்பி இருபது ஷாட் கேட்டுப் போகாதீர்கள். முதலில் அடிக்கிற ஷாட்டெல்லாம் டை சூடேறத்தான், அவை அப்படியே திரும்ப உருக்கப் போகும். டை வெப்பம் நிலைக்கு வந்த பிறகு எடுப்பதுதான் சாம்பிள். ஆக ஒரு நிலைக்கு ஒரு முழு ஷிஃப்ட் மெஷின் வேண்டும் என்று சொல்லிவிட்டே கேளுங்கள், பாதியில் நிறுத்தச் சொன்னால் அந்த நாள் உலோகம் முழுக்க வீண். உறவினராகவே இருந்தாலும் மார்ச்சில் போய் நிற்காதீர்கள், வருஷக் கடைசி டிஸ்பாட்ச் நெருக்கத்தில் யாரும் மெஷின் தர மாட்டார்கள். இன்செர்ட் டிராயிங் போட்டதும் இங்கே ஏற்றுங்கள், கேட் எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.